டீசல் காரின் ஈஜிஆரைக் கழற்றிய கதையும் டேஷ்போர்டு நோட்டில் இருந்த கணக்கும்

2024 அக்டோபரில் கோத்தகிரிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்து, குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு இரண்டு வளைவு முன்னால் வண்டியில் புல்லிங் அப்படியே போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இரண்டாவது கியரில் முப்பதைத் தாண்டவில்லை. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. பின்னால் வந்த அரசுப் பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எதிரே பைக்கில் இறங்கி வந்தவர் மூக்கைப் பொத்திக்காட்டிவிட்டுப் போனார். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை.

ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றோம். மடியில் சீர்த்தட்டோடு பின்சீட்டில் இருந்த மாமியார், "பஸ்லயே வந்திருக்கலாமுங்க மாப்பிள்ளை" என்றார். திரும்ப ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை இதே கூத்து.

இதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் லிம்ப் மோடு. இன்ஜினுக்குள் ஏதோ கணக்கு உதைக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுகொண்டால், மேலும் சேதமாகாமல் இருக்கச் சக்தியைக் குறைத்துவிடும். வீடு போய்ச் சேரலாம், மலை ஏற முடியாது.

வண்டி எந்த கம்பெனி என்பதைச் சொல்லப்போவதில்லை. பழுதுக்குக் காரணம் கம்பெனி இல்லை, ஓட்டிய நான்தான் என்று கடைசியில் தெரிந்துகொண்டேன். 2014 மாடல், 1.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பிஎஸ் 4. 2019 ஜூனில் 71,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் 4.6 லட்சத்துக்கு வாங்கினேன். அதே மாடல், அதே வருடப் பெட்ரோல் வண்டி ஒன்று 3.85 லட்சத்துக்கு வந்தது. எழுபத்தைந்தாயிரம் கூடக் கொடுத்து டீசலை எடுத்ததற்குக் காரணம் அப்போதிருந்த வேலை. சிங்காநல்லூரிலிருந்து திருப்பூர், போக வரத் தினமும் தொண்ணூறு கிலோமீட்டர்.

அப்புறம் பழைய நினைப்பும் ஒரு காரணம். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாயை ஒட்டி வித்தியாசம் இருந்தது. டீசல் கார் புக் செய்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாட்டை அரசு நீக்கியதும் அந்த இடைவெளி சுருங்க ஆரம்பித்துவிட்டது. நான் வாங்கும்போது ஐந்து ரூபாய்தான் வித்தியாசம். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. ஆனாலும் "டீசல்னா சிக்கனம்" என்ற எண்ணம் மட்டும் எங்கள் வீட்டில் 2012-லேயே நின்றுவிட்டது.

ஒன்பது மாதம் கணக்கு சரியாகவே வந்தது. லிட்டருக்கு 19 கொடுத்தது, இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது, தொந்தரவே இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அதன்பின் வீட்டிலிருந்தே வேலை. பிறகு வேலையும் மாறி, ஆபீஸ் பீளமேட்டுக்கு வந்துவிட்டது. நாலே கிலோமீட்டர். சிக்னல், யூ டர்ன், பள்ளிக்கூட வாசல், மறுபடி சிக்னல். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அடுத்த நாலரை வருடத்தில் மொத்தமாக ஓடியது 26,000 கிலோமீட்டர்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு உண்டு. டீசல் போட்டாலும் எழுதுவேன், காற்று பிடித்தாலும் எழுதுவேன், டீக்கடையில் நின்றதைத் தவிர எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டு பற்றிப் பின்னால்.

கோத்தகிரியிலிருந்து திரும்பிய மறுநாள் என்னிடமிருந்த சின்ன புளூடூத் ஓபிடி கருவியை, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதைப் படிப்பதற்காகச் செருகிப் பார்த்தேன். பி0402 என்ற பழுதுக் குறியீடு வந்தது. ஈஜிஆரில் தேவைக்கு மேல் புகை போகிறது என்று அர்த்தம். டீசல் இன்ஜினுக்குள் எரியும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறிவிடும். அதைக் குறைக்க, சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கை எடுத்துத் திரும்பவும் இன்ஜினுக்கே ஊட்டுவார்கள். ஆக்ஸிஜன் குறையும், வெப்பம் தணியும். அந்தப் புகையைத் திறந்து மூடும் வால்வுதான் ஈஜிஆர். மெதுவாக ஓட்டும்போது அது திறக்கும், அழுத்தி ஓட்டும்போது மூடிக்கொள்ளும். என் வண்டியில் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. மலையேற்றத்தில் காற்று கேட்ட இன்ஜினுக்குத் தன் புகையையே திரும்பக் குடிக்க வேண்டிய நிலை. கரும்புகையும் புல்லிங் போனதும் இதனால்தான்.

முந்தின வருடமும் இதே விளக்கு எரிந்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஈஜிஆர் கிளீன்" என்று 2,500 ரூபாய் வாங்கினார்கள். கழற்றவே இல்லை. காற்று வரும் வழியில் ஏதோ ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, பழுதுக் குறியீட்டை அழித்து அனுப்பிவிட்டார்கள். இதை நான் தெரிந்துகொண்டது இந்தத் தடவை போல்ட்டைப் பார்த்தபோதுதான். பத்து வருடமாக அதன்மேல் ஸ்பேனரே விழுந்ததில்லை, தலையில் கம்பெனிப் பெயின்ட் அப்படியே இருந்தது.

சரி, நாமே கழற்றுவோம் என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கியவை: கார்புரேட்டர் கிளீனர் இரண்டு கேன் 640, துரு இளக்கும் ஸ்ப்ரே 250, ஈஜிஆர் கேஸ்கெட் 180, கையுறையும் பழைய டூத் பிரஷ்ஷுக்குத் துணையாக ஒரு பித்தளை பிரஷ்ஷும் சேர்த்து 80. ஆக 1,150 ரூபாய். முகக்கவசம் கொரோனா காலத்து மிச்சம் வீட்டிலேயே இருந்தது. அதைத் தவிர்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை 2012-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தக் கரியைத்தான் சுரண்டப் போகிறோம்.

சனிக்கிழமை ராத்திரியே போல்ட்டுகளில் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டேன். ஞாயிறு காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். மேல்மூடி, அப்புறம் டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் தடித்த ஹோஸ். ஈஜிஆரின் கனெக்டரை நிமிர்த்தி எடுக்கும்போது பிளாஸ்டிக் நாக்கு ஒன்று டக்கென்று உடைந்தது. பத்து வருடம் வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக், ஒன்றும் செய்வதற்கில்லை. மாட்டும்போது கேபிள் டை போட்டுக் கட்டினேன்.

மூன்று போல்ட், எல்லாம் பத்தாம் நம்பர். இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவது, பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. விரலால் தடவித்தான் ஸ்பேனரை உட்கார வைக்க வேண்டும். முழுச்சுற்றுக்கு இடமில்லை, ஒரு தடவைக்கு ஒரு பல் மட்டுமே நகரும். அந்த ஒரு போல்ட்டுக்கு ஐம்பது நிமிடம் போயிற்று. முட்டியில் தோல் உரிந்தது. "எப்பதான் சோப்பு போட்டுக் குளிக்கப்போறீங்க" என்று உள்ளேயிருந்து இரண்டு தடவை குரல் வந்துவிட்டது.

வால்வு கையில் வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்ததைக் கரி என்று சொல்ல முடியாது. வெயிலில் இளகிய தார் மாதிரி, பளபளப்பாக, விரல் வைத்தால் அச்சு விழுகிற பசை. வால்வின் தண்டைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தண்டு பாதி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது, கட்டை விரலால் அழுத்தினாலும் அசையவில்லை. சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் டார்ச் அடித்தேன். சுண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை தெரிந்தது. அந்தக் குழாய் இரண்டு விரல் சேர்ந்து போகிற அகலம்.

பசை எப்படி வருகிறது? ஈஜிஆர் வழியாக வருவது உலர்ந்த கரித்தூள். இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து மூச்சுக்குழாய் வழியாக வருவது ஆயில் ஆவி. இரண்டும் இன்டேக்கில் சந்தித்துக் குழைகின்றன. இன்ஜின் சூடாகி, அவ்வப்போது அழுத்தி ஓட்டினால் பெரும்பகுதி உள்ளே போய் எரிந்துவிடும். நாலு கிலோமீட்டரில் சூடே ஆகாமல் அணைத்தால், தினமும் ஒரு பூச்சு ஏறிக்கொண்டே போகும்.

சுரண்டுவதற்கு ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம், வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழும். நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டேன், ஐஸ்கிரீம் குச்சியும் உதவியது. மோட்டார் இருக்கும் பக்கத்தை மேலே பார்த்தபடி பிடித்துக்கொண்டு, கிளீனர் அந்தப் பக்கம் இறங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். ஐந்து நிமிடம் ஊறவிட்டு பிரஷ், பிறகு துணி, மறுபடி ஸ்ப்ரே. மூன்றாவது சுற்றில்தான் உலோகம் தெரிந்தது. தண்டு ஸ்பிரிங்கில் 'டிக்' என்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்காகவே நாலு தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

மேனிஃபோல்டைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. கைக்கு எட்டிய இடம் வரை வழித்தெடுத்தேன். துண்டுகள் இன்ஜினுக்குள் விழாமல் இருக்கத் துணியை ஆழமாக அடைத்துவிட்டுத்தான் சுரண்டினேன். கடைசியில் அந்தத் துணியை எடுக்க மறக்கக் கூடாது என்பதற்காக அதன் ஒரு முனையை வெளியே இழுத்து வைப்பருடன் சேர்த்துக் கட்டிவைத்தேன். சிரிப்பாக இருக்கலாம். என் ஞாபகசக்தி அப்படி.

ஒரு நண்பர், "எதுக்கு இந்தப் பாடு, ஒரு தகடு வெச்சு ஈஜிஆரை அடைச்சுடு, ஐம்பது ரூபாய்" என்றார். நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த வால்வு இருப்பதே தெருவில் போகிறவர் மூச்சுக்காக. தவிர கம்ப்யூட்டர் அதை எதிர்பார்க்கும், விளக்கு எரியும், பிறகு விளக்கை அணைக்கத் தனியாக ஒருவரிடம் போக வேண்டும்.

மாட்டி முடித்து, பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு அவிநாசி ரோட்டில் நீலாம்பூர் வரை போய் வந்தேன். புல்லிங் திரும்பிவிட்டது. புகைப் பரிசோதனைக்கு விட்டேன். பிஎஸ் 4 டீசலுக்குப் புகை அடர்த்தியின் எல்லை 1.62. பிப்ரவரியில் 1.48 வந்து மயிரிழையில் தப்பியிருந்தது, இப்போது 0.71.

ஆனால் ஒரு குறை பாக்கி இருந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஒரே தொடுதலில் பிடித்துக்கொள்ளும், இப்போது நாலைந்து விநாடி. டீசல் ஃபில்டராக இருக்கலாம் என்று அதை மாற்றினேன் (1,450 ரூபாய்). மாற்றிய அவசரத்தில் கை பம்ப்பை அழுத்தி டீசலை ஏற்றாமல் செல்ஃபை அடித்துவிட்டேன். ஏர்லாக், டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. அரைமணி நேரம் பம்ப்பை அழுத்தி, நடுவில் பேட்டரியும் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜம்பர் வயர் கேட்க வேண்டியதாயிற்று. புது ஃபில்டர் மாட்டினால் முதலில் பம்ப் கல்லு மாதிரி இறுகும்வரை அழுத்த வேண்டும், அப்புறம்தான் சாவி. பழைய ஃபில்டரின் அடியில் இருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தேன், இரண்டு மூடி அளவு இருந்தது.

ஸ்டார்ட்டிங் சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. மிச்சம் இருப்பது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

இதைச் சோதிக்க ஒரு மலிவான வழி உண்டு. மெடிக்கல் கடையில் நாலு குளுக்கோஸ் டியூப், நாலு ஒரே அளவு பாட்டில். இன்ஜெக்டருக்குப் போகும் டீசலில் ஒரு பங்கு, எரியாமல் டேங்குக்கே திரும்பும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் இருக்கும் அந்த ரிட்டர்ன் குழாயின் கிளிப்பைக் கழற்றி, டியூபைச் செருகி, தனித்தனிப் பாட்டிலில் விட்டேன். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்தேன். மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடவிட்டு அளந்தால்: முதலாவது 14 மில்லி, இரண்டாவது 16, மூன்றாவது 41, நாலாவது 15. பார்த்தவுடன் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது இன்ஜெக்டர் டீசலைப் பிடித்து வைக்காமல் திருப்பி விடுகிறது. அதனால் செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில், அதாவது நாலு இன்ஜெக்டருக்கும் பொதுவான டீசல் குழாயில், அழுத்தம் ஏறத் தாமதமாகிறது.

ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் குறைவு, அதைத் தொடலாம். பம்ப்பிலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் போகும் இரும்புக் குழாய் அப்படியல்ல. இன்ஜின் ஓடும்போது அதில் சில நூறு பாரில் தொடங்கி ஆயிரம் பாருக்கு மேல்கூட அழுத்தம் இருக்கும். பழைய டீசல் லாரிகளில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்களே, அந்த வித்தையை இதில் காட்டினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நான் அதில் கையே வைக்கவில்லை.

காந்திபுரம் பக்கம் ஒரு பம்ப் கடை. அந்தத் தம்பி ஸ்லைட் ஹாமர் போட்டு இன்ஜெக்டரை இழுத்தார். முதல் தட்டில் வரவில்லை, பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு கரி உதிர வெளியே வந்தது. பெஞ்சில் மாட்டி ஓட்டிக் காட்டினார். நல்ல இன்ஜெக்டர் பனி மாதிரி தெளிக்கிறது. என்னுடையது தெளித்து முடிந்த பிறகும் நாசில் முனையில் ஒரு சொட்டு தொங்குகிறது. "இந்தச் சொட்டு எரியாதுங்ணா, கரியாத்தான் போகும். நீங்க ஈஜிஆர்ல சுரண்டுனீங்களே, அதுல பாதி இதோட வேலை" என்றார். பிறகு மீட்டரைப் பார்த்துவிட்டு, "பத்து வருஷத்துல ஒண்ணே கால் லட்சம்கூட ஆகல. ஓடாத வண்டிங்ணா இது. டீசல் வண்டி ஓடோணும்."

ரீகண்டிஷன் 6,500, நாலையும் பெஞ்சில் சோதிக்க 1,200, கழற்றி மாட்டக் கூலி 1,500, செம்பு வாஷர் நாலுக்கும் சேர்த்து 240. வாஷரை மட்டும் பழசைப் போடவிடாதீர்கள், கசிந்தால் மறுபடி முழு வேலையும் முதலிலிருந்து. இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அதை மறக்காமல் செய்தார். மறுநாள் காலை ஒரே தொடுதலில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

அன்று சாயங்காலம்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பெட்ரோல் வண்டியை வாங்கியிருந்தால் வந்திருக்காத செலவுகளை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்தேன்.

பெரிய சுழி 2022 பிப்ரவரி. கிளட்ச். அதோடு டூயல் மாஸ் ஃபிளைவீல். டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே முரட்டுத்தனமாக இழுக்கும், அதிரவும் செய்யும். அந்த அதிர்வை விழுங்க ஃபிளைவீலை இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். டிராஃபிக்கில் அரை கிளட்ச்சில் ஓட்டினால் அது தளர்ந்து, ஐடிலில் தகரத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் வரும். இரண்டும் சேர்த்து 31,000. நண்பரின் பெட்ரோல் வண்டிக்கு கிளட்ச் 9,000-ல் முடிந்தது. ஆக இதில் டீசலின் பங்கு 22,000.

அதே வருடம் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்து 3,200. டர்போ ஊதும் காற்று 'உஸ்' என்று வெளியே போய்க்கொண்டிருந்தது, பானெட்டைத் திறந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னாலே காது கண்டுபிடித்துவிடும். மேலே சொன்ன இன்ஜெக்டர் வேலை 9,440. ஈஜிஆருக்கு ஏமாந்தது 2,500, நானே செய்தது 1,150. டீசல் ஃபில்டர் மூன்று தடவை, 4,350. பேட்டரியும் பெரிதாக வேண்டும், டீசலின் கம்ப்ரஷனைச் சுற்ற செல்ஃபுக்கு அவ்வளவு கரண்ட் தேவை, அதில் மூவாயிரம் கூடுதல். ஆயில் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டருக்கு மேல் அதிகம் பிடிக்கும், ஐந்து சர்வீஸுக்கு 4,500 என்று போட்டேன். கூட்டினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது.

அடுத்த பக்கத்தில் மிச்சமானதை எழுதினேன். திருப்பூர் காலத்தில் கிலோமீட்டருக்கு 1.30 ரூபாய் மிச்சம், இருபதாயிரம் கிலோமீட்டருக்கு 26,000. ஊருக்குள் ஓட்டிய காலத்தில் டீசல் 14-தான் கொடுத்தது, பெட்ரோல் வண்டி 12 கொடுக்கும். டீசலை 92, பெட்ரோலை 100 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1.76 மிச்சம், 26,000 கிலோமீட்டருக்குச் சுமார் 45,800. இரண்டும் சேர்ந்து சுமார் 71,800. வாங்கும்போது கூடக் கொடுத்த எழுபத்தைந்தாயிரத்தைக்கூட அது இன்னும் எட்டவில்லை. சிவப்புச் சுழிகள் முழுக்கக் கைநஷ்டம். விற்கும்போது டீசலுக்கு நாலு காசு கூடக் கிடைக்கலாம் என்பது ஆறுதல்தான், ஆனால் அதை நோட்டில் எழுத முடியாதே.

இன்ஷூரன்ஸிலும் டீசல் என்பதற்காக அடி விழும் என்று நினைத்திருந்தேன், தவறு. மூன்றாம் நபர் பிரீமியம் சிசி கணக்குதான், எரிபொருள் கணக்கு இல்லை. 1,000-லிருந்து 1,500 சிசி வரை ஒரே தொகை, 2022-ல் நிர்ணயித்தது 3,416 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பங்கு மட்டும் வண்டியின் மதிப்பைப் பொறுத்துக் கூடும்.

புது வண்டியில் இந்தத் தலைவலி இருக்காதே என்று கேட்பவர்களுக்கு ஆபீஸ் நண்பர் ஒருவரின் 2021 மாடலைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 வந்தபோது டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்துவிட்டது. இந்தச் செலவெல்லாம் சின்னக் காருக்குக் கட்டாது என்று மாருதி அதோடு டீசலையே நிறுத்திவிட்டது. டிபிஎஃப் நிறைந்ததும் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நண்பர் காந்திபுரத்துக்கும் கணபதிக்கும் நடுவில் ஓட்டுகிறவர். பாதி எரியும்போதே வீடு வந்துவிடும், வண்டியை அணைத்துவிடுவார். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கி, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தது. ஆயில் குறையவில்லை என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்! இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, விடிகாலையில் எல் அண்ட் டி பைபாஸில் நாலாவது கியரில் 2,500 சுற்றில் ஓட்டிவிட்டு வருகிறார். நாய்க்கு நடை பழக்குவது மாதிரி. அதற்கு ஆகும் டீசலையும் அவர் நோட்டில் எழுதுகிறாரா தெரியவில்லை.

விற்றுவிடலாமா என்று யோசித்தேன். கேட்டவர்கள் சொன்ன விலை 2.4 லட்சம். சொந்தக் கையால் சுரண்டிய வண்டியை அந்த விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. மனைவிதான் வழி சொன்னாள். அவள் அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவை வந்து போகிறவர், எண்பது கிலோமீட்டர். அவரிடம் இருப்பது 2017 பெட்ரோல் வண்டி, மாசம் பெட்ரோலுக்கே பத்தாயிரத்துக்கு மேல் போகிறது என்று ஒவ்வொரு விசேஷத்திலும் புலம்புவார்.

2025 ஜனவரியில் சாவியை மாற்றிக்கொண்டோம். ஆர்சி அவரவர் பெயரிலேயே, இன்ஷூரன்ஸும் அப்படியே, ஆறு மாசம் பார்ப்போம் என்று பேச்சு. நோட்டையும் கூடவே கொடுத்து, ஒன்று விடாமல் எழுதச் சொன்னேன்.

ஜூனில் ஆயில் மாற்ற வண்டி என் வாசலுக்கு வந்தது. மீட்டரில் 9,600 கிலோமீட்டர் கூடியிருந்தது. "மாப்ள, நோட்டுல டீசலைத் தவிர எழுத ஒண்ணுமே இல்லியே, எதுக்கு இத்தன பக்கம்?" என்றார் மச்சான். பக்கத்தைப் புரட்டினேன். சராசரி 20.3.

ஆயில் வடிகிற நேரத்தில் ஈஜிஆரின் மூன்று போல்ட்டையும் திரும்பக் கழற்றினேன். பின்பக்கத்து போல்ட்டுக்கு இந்தத் தடவை பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. உள்ளே டார்ச் அடித்தேன். பசை இல்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய உலர்ந்த தூள், விரலால் தேய்த்ததும் போய்விட்டது. தண்டு 'டிக்' என்று மூடியது. நூற்றியெண்பது ரூபாய்க் கேஸ்கெட் புதிதாக ஒன்று போட்டு முடுக்கிவிட்டு, அதை மட்டும் சிவப்பில் நோட்டில் எழுதிச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.